இரண்டாந்தரம் கேட்பார்கள்

ஹேடபெக்
14.9.2025

அன்புத் தம்பி நவரத்தினத்துக்கு,

உன் சிறுநீரகமும் உன் கோபமும் எப்படி இருக்கின்றன? இரண்டும் அளவோடு இருக்கும் என்று நம்பி அக்கா எழுதுகிறேன். நான் சுகம். சுகம் என்று வாசித்ததுமே "பொய்" என்று சொல்லுவாய், ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் குளியலறையிலிருந்து வரும்போது மாடிப்படியில் கால் வழுக்கிவிட்டது. இடது இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் வெட்டி, உள்ளே ஏதோ இரும்பு வைத்துத் தைத்துவிட்டார்கள். இனி விமான நிலையத்தில் என்னை மறிப்பார்கள். இப்போது ஆஸ்பத்திரியால் விட்டு, கொம்யூனின், அதுதான் இந்த நகரசபையின், தற்காலிக இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள இடம் இது. தாதிமார் இருக்கிறார்கள், ஒரு பெட்டை வந்து நடக்கப் பழக்குகிறாள், மூன்று நேரமும் சாப்பாடு வருகிறது. உறைப்பு என்றால் என்னவென்று சமையல்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். என் காது உனக்குத் தெரியும். கருவி போட்டாலும் போனில் கொர் என்ற சத்தம்தான். நீ கத்த, நான் "என்ன, என்ன" என்று கேட்க, உன் மகள் கஜந்தி நடுவில் நின்று சிரிக்க, அந்தக் கூத்து வேண்டாம். கடிதத்தில் நீ கத்துவது எனக்கு நன்றாகக் கேட்கிறது.

எவ்வளவு காலம் இங்கே வைத்திருப்பார்கள் என்று தெரியாது. கொம்யூனிலிருந்து ஒரு அம்மா வந்து என்னைப் பார்த்துத்தான் தீர்மானிப்பாவாம். நீ டயாலிசிஸ் நாட்களில் உப்பைக் குறை. உன் சம்மதம் இல்லாமல் கஜந்தியைக் காணும்போதும் இதைச் சொல்லுவேன்.

உன் நினைவோடு,
அக்கா சுசீலா


புரொண்பி
20.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. வாரத்தில் மூன்று தரம் இரத்தத்தைக் கழுவிவிடுகிறார்கள், மற்ற நாட்களில் நான் சண்டை போடுகிறேன். உங்கள் கடிதம் வாசித்துக் கைகால் ஆறிப்போனது. எலும்பு உடைந்ததைப் பகிடியாக எழுத உங்களால்தான் முடியும்.

நான் வர வேண்டும். வர முடியாது. அந்த மெஷினை விட்டு இரண்டு நாளுக்கு மேல் விலக விடமாட்டார்கள் என்பதும், போகவும் வரவுமாகக் காரில் ஏழெட்டு மணித்தியாலம் இருக்க என் உடம்பு கேட்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பெரிய வெட்கமாக இருக்கிறது.

ஆகவே எழுத்தில் சொல்லுகிறேன், கேளுங்கள். டயாலிசிஸ் வார்டில் ஊசி போடுகிற சுஜாந்தினி நம்முடைய தமிழ்ப் பிள்ளை. அவளிடம் விசாரித்தேன். "அங்கிள், அந்தக் கொம்யூன் அம்மா, விசிட்டேட்டர் எண்டிறவ, வந்து பாத்திட்டு என்ன எழுதிறாவோ அதுதான் எல்லாம். ஆன்ரிக்கு ஏலாது எண்டு தெரிஞ்சால் வைச்சிருப்பினம். ஏலும் எண்டால் அனுப்பிப் போடுவினம்" என்றாள். காசு கேட்கிற விஷயம் இல்லை. இங்கே எல்லாம் சும்மாதான் தருகிறார்கள், ஆனால் தேவை என்று தெரிந்தால்தான் தருவார்கள்.

உங்கள் வீட்டில் படுக்கையும் மேலே, குளியலறையும் மேலே. அத்தான் காலமான பிறகு அந்த வீட்டில் ஒரு குரல் கேட்க ஆளில்லை. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். உங்களுடைய பொல்லாத பெருமையை ஒரு நாள் மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
தம்பி நவம்


ஹேடபெக்
5.10.2025

என் தம்பிக்கு,

உன் கைகால் ஆறினது இப்போது சூடேறியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு நல்ல செய்தி. கொம்யூன் அம்மா வந்துவிட்டுப் போய்விட்டா. பேர் கிர்ஸ்டன். நல்ல மனுசி, என்னைவிடக் கொஞ்சம் இளையவ, முழங்கால் அவவுக்கும் சரியில்லை.

வீடு தேடி ஒரு ஆள் வந்தால் நாங்கள் இருக்கிறபடியா இருப்போம்? முதல்நாளே தாதிப் பெட்டையிடம் சொல்லித் தலை முழுகினேன். விடியவே எழுந்து, கட்டிலைப் பிடித்துப் பிடித்து, அந்த மயில்கழுத்து நிறச் சீலையை உடுத்தேன். அரைவாசி நாள் போனது. பிறகு அவ வரும்வரை அசையாமல் இருந்து உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து வைத்தேன். வந்ததும் எழுந்து நின்று, அங்கேயுள்ள சின்னக் குசினியில் நானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கிர்ஸ்டன் வாயைப் பிளந்துவிட்டா.

அதற்குப் பிறகுதான் கேள்விகள். குளிக்க ஆள் வேண்டுமா? "நை தாக்" என்றேன். வேண்டாம், நன்றி. உடுப்பு மாற்ற ஆள் வேண்டுமா? நை தாக். சாப்பாடு கொண்டுவந்து தர வேண்டுமா? நை தாக். இங்கே இன்னும் சில கிழமை நிற்க விருப்பமா? அதற்கும் நை தாக்.

நீ பல்லைக் கடிக்காதே. முதல் கேள்விக்கே "ஓம், தாங்கோ" என்று கையை நீட்டுகிற சனமா நாங்கள்? ஒருவர் வீட்டில் சாப்பிடச் சொன்னால் "இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறன்" என்போம். அவர்கள் திரும்பக் கேட்பார்கள், "சும்மா இருங்கோ, கொஞ்சம் எண்டாலும்" என்பார்கள், பிறகுதான் இருப்போம். கிர்ஸ்டன் இரண்டாந்தரம் கேட்கும்போது, "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டால் சரி" என்று சொல்ல நான் வசனத்தைக்கூட டேனிஷில் ஆயத்தமாக்கி வைத்திருந்தேன்.

அவ இரண்டாந்தரம் கேட்கவில்லை. எழுதிக்கொண்டா, சிரித்தா, தேத்தண்ணி நல்லது என்றா. போகும்போது என் தோளில் தட்டி "செல்யுல்பன்" என்றா. தன் காரியத்தைத் தானே பார்க்கிற ஆள் என்று பொருளாம். இவ்வளவு காலம் ஹேர்னிங்கில் துணி தைத்த எனக்கு இந்த நாடு கொடுத்த முதல் பட்டம் அது. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டில் ஒன்றும் தருகிறார்கள்.

கஜந்திக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.
அக்கா


புரொண்பி
9.10.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற பொறுமை இன்று எனக்கு இல்லை. இன்றைக்குத்தான் உங்களை வீட்டில் இறக்கியிருப்பார்கள். இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே இரண்டாந்தரம் கேட்கமாட்டார்கள், அக்கா! நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால் அது உங்களை மதிக்காதது என்று நினைக்கிற சனம் இது. எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லுகிறேன். வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் நின்றேன் அல்லவா, முதல் நாள் எங்களை மேய்க்கிற போமன் பிளாஸ்கைத் திறந்து "கோப்பி?" என்று கேட்டான். நானும் மரியாதையாக நை தாக் என்றேன். மூடி வைத்துவிட்டான். அந்தக் குளிரில் நாள் முழுக்க மணத்தை மட்டும் குடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் கேட்கவும் இல்லை, நவரத்தினம் கோப்பி குடிக்கிறேல்லை என்று எல்லோருக்கும் சொல்லியும் விட்டான். அங்கே வேலை செய்த காலம் முழுக்க நான் கோப்பி குடிக்காதவன். அது கோப்பி. போனால் போகட்டும். இது உங்கள் உடம்பு.

கொம்யூனுக்குக் கஜந்தியைக் கொண்டு போன் எடுத்தேன். "உங்கள் அத்தை தெளிவான ஆள், தனக்குத் தேவையில்லை என்று தானே சொன்னா, அவவே கேட்டால் திரும்பப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டும். எதிர்வீட்டு இங்கரிடம் சொல்லி உங்களுக்காகப் பேசச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


ஹேடபெக்
2.11.2025

அன்புத் தம்பிக்கு,

கோபக்காரனுக்குச் சுகமா? பதில் பிந்திவிட்டது. எங்கள் தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனிக் கடையில்தான் கொடுக்க வேண்டுமாம். இங்கர் தன் நாயோடு போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறா. மூன்று கடிதத்தை ஒரேயடியாகத் தருவது நல்லாயிராது என்று ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். மாடிக்கு ஏறி இறங்குவது வீண் வேலை என்று கீழேயே இருக்கிறேன். அத்தானுடைய சாய்கதிரை உனக்குத் தெரியும், அதில் நித்திரை கட்டிலைவிட வசதி. கட்டில் மெத்தை சரியான மென்மை, முதுகுக்குக் கூடாது என்று அப்போதே எனக்குத் தெரியும். கைகால் முகம் எல்லாம் குசினிப் பைப்பிலேயே கழுவலாம். கீழே கழிப்பறை ஒன்று இருக்கிறதே, பிறகென்ன?

சமையலும் பெரிதாக இல்லை. ஒருத்திக்கு என்ன சமையல்? பாணும் சீஸும் நல்லது என்று டேனிஷ்காரர் சும்மாவா சாப்பிடுகிறார்கள்.

இங்கரிடம் போன் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தாய். அவவிடம் எப்படிக் கேட்பது? ஏற்கெனவே கடிதம் கொண்டுபோகிறா. "ஏதும் வேணுமோ?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கஜந்தி என்னைப் பார்க்க வருவதென்றால் முதலே ஒரு சொல் எழுது. சும்மா திடீரென்று வந்து நிற்க வேண்டாம்.

மழைக்குள் திரியாதே.
உன் அக்கா


புரொண்பி
17.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என் இரத்த அளவு இந்த மாதம் பரவாயில்லை என்றார்கள். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக முதலில் எழுதுகிறேன்.

கஜந்தி உங்களிடம் போய்விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே டேனிஷில் சொன்னாள், அத்தை நல்லா இருக்கிறா, வீடு மினுங்குது, இடியப்பம் அவிச்சுத் தந்தவ என்று. அவள் வருகிறாள் என்று நான் உங்களுக்கு முதலே சொல்லி அனுப்பியிருக்கவே கூடாது. நீங்கள் அதற்கு எத்தனை நாள் முதல் ஆயத்தமானீர்களோ?

பிறகு சாப்பிடும்போது கேட்டேன், வேறு என்ன பார்த்தாய் என்று. என் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பேசுவதும் அரைகுறை. ஆனால் கண் இருக்கிறது. "அத்தை இடது கையை எடுக்கவே இல்லை அப்பா, சீலைக்குள்ளேயே வைச்சிருந்தவ" என்றாள். மாடிக்குப் போகப் பார்த்தபோது வேண்டாம், குளிர் என்று மறித்தீர்களாம். ஜாக்கெட் உங்களுக்குத் தொளதொளவென்று இருந்ததாம்.

கைக்கு என்ன? ஒரு சொல் எழுதுங்கள். ஒரு சொல் போதும்.

உங்கள் தம்பி நவம்


புரொண்பி
1.12.2025

அக்கா,

சுகமா? பதில் வரவில்லை. தபால் பிழையா, உங்கள் பிழையா என்று தெரியவில்லை. கஜந்தியின் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல், அவளால் இப்போது வர முடியாது. இங்கரின் நம்பர் என்னிடம் இல்லை. இங்கரின் முழுப்பெயரும் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. நேற்று மெஷினில் படுத்திருக்கும்போது திடீரென்று அழுதுவிட்டேன். சுஜாந்தினி ஊசி நோகிறதாக்கும் என்று நினைத்தாள்.

எழுதுங்கள்.
தம்பி


ஹேடபெக்
14.12.2025

தம்பிக்கு,

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் உனக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்று எழுதுகிறேன். என் எழுத்து சரிந்து போகிறது, பேனையில் பிழை. கை ஒன்றுமில்லை. அடுப்புத் தட்டில் கொஞ்சம் பட்டுவிட்டது, பிடிக்க வேறொன்றும் கிட்ட இருக்கவில்லை. இங்கரின் நாய்க்கு உடம்பு சரியில்லை, அவவும் முன்னைப்போல வருவதில்லை.

ஒரு புதினம் சொல்லவா? சாப்பாட்டு மேசையை அத்தான் வாங்கிக்கொண்டு வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அதன் அடிப்பலகையில் கடைக்காரன் ஒட்டிய கடதாசி இன்னும் கிழியாமல் இருக்கிறது. எழுத்துக்கூட மங்கவில்லை, முழுவதும் வாசித்தேன். இத்தனை வருஷம் அதில் சாப்பிட்டும் நான் அதைக் காணவில்லை. வெளியே வெளிச்சம் போய், பிறகு வந்து, எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

குளிர் கூட. நீ தொப்பி போடு.

அக்கா


புரொண்பி
19.12.2025

என் அக்காவுக்கு,

மேசையின் அடி எப்படித் தெரிந்தது? வெளிச்சம் போய் வரும்வரை நீங்கள் நிலத்தில் கிடந்தீர்கள். அதை எனக்குப் புதினமாக எழுதுகிறீர்கள்! இந்தக் கடிதத்தை இரண்டுதரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன். முதல் இரண்டிலும் உங்களை ஏசியிருந்தேன்.

கஜந்தி கொம்யூனோடு சண்டை பிடித்தாள். டேனிஷில் அவள் சண்டை பிடித்தால் எனக்கே பயம் வரும். புது வருஷம் பிறந்ததும் ஒருவரை அனுப்புகிறார்களாம், கழுத்தில் போடுகிற அவசரப் பொத்தான் ஒன்றும் தருவார்களாம். ஆனால் அவர்கள் திரும்பவும் உங்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் திரும்பவும் மயில்கழுத்துச் சீலையை உடுத்தால் எல்லாம் முடிந்தது.

ஆகவே ஒன்று சத்தியம் பண்ணுங்கள். அத்தான் மேல் சத்தியம். இனி யார் என்ன கேட்டாலும், முதல் தரமே "ய தாக்", ஓம் நன்றி, என்று சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது. விளங்காவிட்டாலும் பரவாயில்லை, ய தாக். குளிக்கவா? ய தாக். சாப்பாடா? ய தாக். திரும்ப அந்த இல்லத்துக்கு வருகிறீர்களா? ய தாக். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள். நிற்க முடியாவிட்டால் இருந்துகொண்டு பழகுங்கள். வெட்கம் வந்தால், இது நான் கேட்கவில்லை, என் தம்பி கேட்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருக்கிறது நீங்கள் ஒருவர்தான், அக்கா. அம்மா அப்பாவைப் பற்றிக் கதைக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

சத்தியத்துக்குக் காத்திருக்கும்,
நவம்


ஆஸ்பத்திரியிலிருந்து
18.1.2026

அன்புத் தம்பிக்கு,

முதலில் உன் சுகம். இரண்டாவது என் சத்தியம். இரண்டும் நல்லபடி என்று வைத்துக்கொள்.

கழுத்துப் பொத்தான் வருவதற்கு முன்னமே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. யன்னல் திரை இழுபடவில்லை என்று இங்கர் தன்னிடம் இருந்த என் வீட்டுத் திறப்பால் கதவைத் திறந்து வந்து பார்த்து அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறா. நெஞ்சில் சளி கட்டி நியூமோனியாவாம். குழாயால் மருந்து போகிறது. இப்போது எழும்பி இருந்து எழுதக்கூடிய நிலை. கஜந்தி வந்து போனாள், பாவம், பகல் முழுக்க என் காலடியில் இருந்துவிட்டுப் போனாள்.

இங்கே நான் உன் சொல்லைக் கேட்டு நடக்கிற விதத்தைப் பார்த்தால் நீயே நம்பமாட்டாய். பால்கஞ்சி வேண்டுமா? ய தாக். தலையணை? ய தாக். துடைத்துவிடவா? ய தாக். முதல் நாள் நாக்கு கூசியது, ஏதோ பிச்சை கேட்கிறது போல. இப்போது பழகிவிட்டது. கொம்யூனிலிருந்து ஒருவர் வந்தார், ஆஸ்பத்திரி முடிந்ததும் தற்காலிக இல்லத்துக்குப் போகிறீர்களா, உடம்பு தேறும்வரை நிற்கலாம் என்றார். ய தாக் என்றேன். அவ்வளவுதான், முடிந்தது! இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் மேசையின் அடியை வாசித்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது. போன வியாழன் ஒரு டொக்டர்ப் பெட்டை வந்தாள். கஜந்தியின் வயது இருக்கும். கதிரையை இழுத்துக் கிட்ட இருந்து, மெதுவாகக் கன நேரம் கதைத்தாள். காதுக் கருவி வீட்டிலேயே கிடக்கிறது, எனக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். யெர்த என்றாள், அது இதயம். ஸ்டொப் என்றாள், அது எனக்குத் தெரியும், தையல் மெஷினில் சிவப்புப் பொத்தானில் எழுதியிருக்கும். பிறகு ஃப்ரெத் என்றாள், அமைதி. இதயத்துக்குக் கரைச்சல் வந்தால் அதை நிற்பாட்டி எனக்கு அமைதியாக இருக்க ஏதோ செய்யவா என்று கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ய தாக் என்றேன்.

தம்பி, அவள் இரண்டாந்தரம் கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொடங்கி ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கையைப் பிடித்து, "நிச்சயமாவோ?" என்று கேட்டாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன், ய தாக். தலையை ஆட்டி, என் கையை மெல்லத் தடவிவிட்டு எழுந்து போனாள். எல்லோரும் இங்கே என்னோடு இப்போது மிகவும் மரியாதையாக இருக்கிறார்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. அது போய்விடும்.

சொற்கேளாத அக்கா சொற்கேட்டுவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லு.
சுசீலா


புரொண்பி
26.1.2026

அக்கா, அக்கா,

இதைக் கஜந்தி உங்கள் கையில் தருவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, உங்கள் காதுக்கு அவளுடைய தமிழ் எட்டாது, ஆகவே நீங்களே வாசியுங்கள். கண்ணாடியைப் போடுங்கள். மெதுவாக, ஆனால் முழுவதும் வாசியுங்கள். வாசித்து முடிக்கும்வரை யாரோடும் கதைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. வாசித்ததும் கஜந்தியைக் கொண்டு வார்டுக்குப் போன் எடுத்தேன். அந்த டொக்டர்ப் பெட்டை கேட்டது இதுதான்: உங்கள் இதயம் நின்றுபோனால், அதைத் திரும்ப ஓடவைக்கப் பாடுபடாமல், உங்களை அமைதியாகப் போக விடவா என்று. நீங்கள் ஓம், நன்றி என்றீர்கள். இரண்டுதரம். அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இன்று உங்கள் இதயம் நின்றால் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள், அக்கா. மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் சொன்னேன், என் அக்காவுக்கு விளங்கவில்லை என்று. தாதி மிகவும் அன்பாகத்தான் கதைத்தாள். "அவ தெளிவாகச் சொன்னா, நாங்கள் இரண்டாந்தரமும் கேட்டனாங்கள், அது அவவின்ர விருப்பம். மாத்திறதெண்டால் அவவே டொக்டரிட்டைச் சொல்லவேணும்" என்று கஜந்தி எனக்குத் தமிழாக்கிச் சொன்னாள். நேற்றுத் தொடக்கம் உங்களுக்குக் காய்ச்சல் திரும்பவும் ஏறியிருக்கிறது என்றும், மூச்சுக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அது போய்விடும் என்றுதான் நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள்.

நான்தான் படிப்பித்தேன். விளங்காவிட்டாலும் சொல்லுங்கள் என்று என் கையால் எழுதினேன். என்னை நான் எப்படி மன்னிக்கிறது என்று தெரியவில்லை. அதைப் பிறகு பார்ப்போம், நீங்கள் இருந்து என்னை ஏசும்போது பார்ப்போம்.

கஜந்தி இப்போதே காரை எடுக்கிறாள். பின்னேரத்துக்குள் அங்கே நிற்பாள். நீங்கள் நித்திரை என்றால் எழுப்பச் சொல்லியிருக்கிறேன், ஏசாதீர்கள். வாசித்ததும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டுங்கள், அவள் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வருவாள். டொக்டர் திரும்ப அதையே கேட்பா. நான் படிப்பித்ததை மறந்துவிடுங்கள். சத்தியத்தை நானே திருப்பி வாங்கிக்கொள்ளுகிறேன்.

"நை" என்று சொல்லுங்கள், அக்கா. முதல் தரமே சொல்லுங்கள். தாக் வேண்டாம். நன்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். நை மட்டும்.

நவம்